மதியத்துக்குள் நூறு பேர்

ஒரு மனுஷன் ஒரே கட்டடத்துக்குள் ஒரு காலைப்பொழுதில் எத்தனை தடவைதான் நுழைய முடியும்? தையல்காரர் அரை இஞ்ச் சளைக்காமல் நுழைந்துகொண்டிருந்தார். சரக்கு லிப்ட் இருக்கும் பின்கதவு வழியாக வெளியே போவார். வண்டி நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அந்த ஷாப்பிங் மாலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்தபடி முன்வாசலில் வந்து ஏறுவார். வாசல் காவல்காரர் காலைச் சேர்த்து வைத்து ஒரு சல்யூட் அடிப்பார்.

"வாங்க சார். என்ன, ரொம்ப நாளா ஆளையே காணோம்?"

"வெளியூர் போயிருந்தேன். இப்பதான் வண்டிய விட்டு இறங்குறேன்."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"வீட்ல இருக்கிறவ மாடியில உக்காந்து ஜிப்பு மாத்திக்கிட்டிருக்கா. கிட்டப் போய்ப் பாத்தாதான் சௌக்கியமான்னு தெரியும்."

கால் மணி நேரத்துக்கு முன்பும் இதே பேச்சுத்தான் நடந்தது. இன்னும் கால் மணி நேரத்தில் மறுபடியும் நடக்கும். இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

அரை இஞ்ச் என்பது மால் அவருக்கு வைத்த பெயர். அவரும் அவர் மனைவியும் இரண்டாவது மாடியில் துணி ஆல்ட்ரேஷன் கடை வைத்திருந்தார்கள். பேண்ட் காலைக் குட்டையாக்கக் கொடுத்தால், மிச்சத் துணியை ஒட்ட வெட்டிவிடாமல் மடித்துத் தைத்து, "அரை இஞ்ச் உள்ள விட்டிருக்கேன், நாளைக்கு வளந்தா இறக்கிக்கலாம்" என்பார். தலை நரைத்த ஆள் பேண்ட் கொண்டுவந்தாலும் அதையேதான் சொல்வார். அவர் மனைவியை எல்லோரும் ஆல்ட்ரேஷன் அக்கா என்பார்கள். கோபம் வந்தால் அவரும், "சொல்லுங்க ஆல்ட்ரேஷன் அக்கா" என்று ஆரம்பிப்பார். அப்போது கையில் கத்தரிக்கோல் இருந்தாலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இந்த நடையெல்லாம் எதற்கென்றால், முன்வாசல் நிலைக்கு மேலே கறுப்பாக ஒரு கண் இருந்தது. யார் உள்ளே வந்தாலும் அது ஒன்று கூட்டிக்கொள்ளும். வெளியே போகிறவர்களைக் கண்டுகொள்ளாது. மொத்த எண்ணிக்கை காவல்காரர் மேஜையில் இருந்த சின்னத் திரையில் தெரியும். கூட்டம் குறைந்துபோன பிறகு மேலிடம் ஒரு சட்டம் போட்டது. மேலிடம் என்றால் மாலின் முதலாளிகள், அவர்களை யாரும் பார்த்தது கிடையாது. மதியம் பன்னிரண்டு மணிக்குள் நூறு பேர் உள்ளே வராவிட்டால் அதற்குமேல் அன்றைக்கு ஏசியும் கிடையாது, எஸ்கலேட்டரும் ஓடாது. நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட கட்டடத்தில் ஏசி இல்லாமல் வெயில் காலத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சட்டத்தின் கொடுமை தெரியும்.

இதற்கு வழி கண்டுபிடித்தது ஜூஸ் கடை அம்மா. ஐஸ் தீர்ந்துபோய் ஒருநாள் பின்வழியாக நாலு தடவை வெளியே போய் முன்வழியாக வந்தவள், திரையைப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இந்தக் கண்ணுக்கு ஆள் அடையாளமே தெரியலை பாரு. நான் ஒருத்தி போயிட்டு வந்தேன், நாலு பேர்னு போட்டிருக்கு. கல்யாணமே பண்ணிக்காம நான் ஒரு குடும்பம் ஆயிட்டேன்."

மறுநாளிலிருந்து மாலில் மிச்சமிருந்த கடைக்காரர்கள் எல்லோரும் முறை வைத்து நடக்க ஆரம்பித்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், பொம்மைக் கடைக்காரர், செல்போன் ரிப்பேர்காரர், ஜூஸ் அம்மா, அக்கா, அரை இஞ்ச். எல்லோருக்கும் இடுப்புச் சதை கரைந்தது. அரை இஞ்சுக்குச் சர்க்கரை இறங்கி, டாக்டரே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். "மால் சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மால் திறந்த காலத்தில் இப்படி ஒரு நிலைமை வரும் என்று சொல்லியிருந்தால் சொன்னவனைத்தான் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். அப்போது பஸ் பிடித்துக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். வாங்க வந்தவர்களைவிட எஸ்கலேட்டரில் ஏற வந்தவர்கள் அதிகம். முதல் படியில் காலை வைக்கப் பயந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்குகிறவர்கள்போல நிற்பார்கள். காவல்காரர் அப்போது மீசை கறுத்த வாலிபர். "யோசிக்காதீங்க, வைங்க, வைங்க" என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிப்போகும்.

அக்காவின் கடைக்கு இடதுபுறமும் வலதுபுறமும் பெரிய ரெடிமேட் கடைகள். வாங்குகிற பேண்ட்டெல்லாம் நேராக இங்கேதான் வரும். ஒருவர் சாப்பிட்டால் மற்றவர் மிதிப்பார், மிஷின் நிற்காது. பிறந்த மகளை வெட்டு மேஜைக்கு அடியில் துண்டுத் துணிக் குவியலில்தான் தூங்க வைத்தார்கள். அவள் அங்கேயே தவழ்ந்து, அங்கேயே வீட்டுப்பாடம் எழுதி, இப்போது வேறொரு ஊரில் நர்ஸாக இருக்கிறாள். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் சத்தம் இல்லாமல் தூக்கம் வர மாட்டேன் என்கிறது என்று இன்னமும் போனில் சொல்வாள்.

பிறகு கூட்டம் வடிந்தது. முதலில் சினிமா போயிற்று. அதன் பின்னால் சாப்பாட்டுக் கடைகள் போயின. ஒருநாள் இடதுபுற ரெடிமேட் கடை ஷட்டரை இறக்கியது. அடுத்த வருஷம் வலதுபுறக் கடையின் பொம்மைகளைத் துணியில்லாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நீரூற்றில் தண்ணீர் நின்று, அதன் விளிம்பு உட்காரும் திண்டாக மாறியது. "எல்லாத்தையும் அந்தப் போன் முழுங்கிருச்சு" என்று அரை இஞ்ச் போனைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார்.

ஆனால் அந்தப் போனில் வாங்கிய துணி அளவில் சரியாக வந்ததுண்டா? சட்டைக் கை விரல்நுனி தாண்டித் தொங்கும். இடுப்பு மூச்சு முட்டும். திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு, அட்டைப் பார்சலோடு அக்காவிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதை அக்கா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அரை இஞ்ச் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பகையாளி வீட்டுத் துணியைத் தைப்பதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தைப்பார்.

அவர் கண்ணில் பட்டதெல்லாம் திரையில் தெரியும் எண்தான். நூறைத் தாண்டிய அன்று மாடிக்கு ஓடி வருவார்.

"நூத்தி நாப்பது. நேத்தைவிட ஜாஸ்தி. நான்தான் சொன்னேனே, மால் எந்திரிச்சுக்கும்னு."

"அதுல பாதி நீங்க. மீதி ஜூஸ் அம்மா."

"அப்படிச் சொல்லாதே. நாங்க மட்டும் நடந்தா இவ்வளவு வருமா?"

"கணக்குல அந்தக் கண்ணே உங்களைவிடத் தேவலை."

தானே கூட்டிய எண்ணைத் தானே நம்புகிற ஆளை என்ன செய்வது? இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஒரே சட்டையில் திரும்பத் திரும்பப் போனால் கண் கண்டுபிடித்துவிடுமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்து, ஆல்ட்ரேஷன் முடிந்து தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஒருநாள் வாசலில் எதிரே வந்த வாடிக்கையாளர் நின்று உற்றுப் பார்த்தார்.

"இது என் சட்டை மாதிரி இருக்கே."

"உங்க சட்டையேதான் சார். தோள்பட்டையைக் குறைச்சா நடக்கும்போது தூக்குதான்னு பாக்கணும். நடந்து பாத்தேன். தூக்கலை." அங்கேயே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு பனியனோடு எஸ்கலேட்டரில் ஏறினார். அந்த மனிதர் இப்படி ஒரு அக்கறையான தையல்காரரை நான் பார்த்ததில்லை என்று இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்பினார்.

அக்காவுக்கு மால்மீது கோபம் ஒன்றும் இல்லை. சோறு போட்ட இடம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு ஜன்னல். இத்தனை வருஷம் டியூப்லைட் வெளிச்சத்தில் தைத்தாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் கறுப்பு நூலும் கருநீல நூலும் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொரு தடவையும் நூல்கண்டைத் தூக்கிக்கொண்டு கீழே வாசல்வரை போய் வெயிலில் காட்டிப் பார்க்க வேண்டும். கண்ணும் முன்னைப்போல இல்லை. கடைத்தெருவில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் அகல ஜன்னலோடு ஓர் அறை காலியாக இருந்தது. மருந்துக்கடைக்காரர்தான் சொந்தக்காரர். "வெள்ளிக்கிழமைவரைக்கும் யாருக்கும் குடுக்காம வைக்கிறேன், அதுக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றிருந்தார்.

பேச்சை எடுத்தாலே அரை இஞ்ச், "தெருவா?" என்று எழுந்து போய்விடுவார்.

அதற்கும் காரணம் இருந்தது. மாலுக்கு வருமுன் அவர் பிளாட்பாரத்தில் மிஷின் போட்டிருந்தவர். மழை வந்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுச் சன்ஷேடுக்கடியிலாவது ஓட வேண்டும். ஒருநாள் ஓடும்போது கால் வழுக்கி, ஒரு பெண்ணின் கல்யாண உடுப்பு மொத்தமும் சேற்றில் விழுந்தது. அந்த வீட்டு வாசலில் நனைந்தபடி நின்றதை அவர் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. இனிமேல் மிஷினைத் தெருவில் வைக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவெடுத்ததை மட்டும் அக்காவிடம் சொல்லியிருந்தார். அது அவளுக்குத் தெரிந்ததால்தான் இத்தனை காலம் வற்புறுத்தாமல் இருந்தாள்.

புதன்கிழமை மதியம் வெட்டு மேஜையில் துணியை ஒதுக்கிவிட்டு இருவரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது மேனேஜர் தம்பி வந்தான். மாலில் சம்பளத்துக்கு இருப்பவர்களில் காவல்காரரை விட்டால் அவன் ஒருவன்தான் மிச்சம்.

"அண்ணே, மேலிடத்துல ரொம்ப சந்தோஷம். மூணு மாசமா ஆள் ஏறிக்கிட்டே போகுதாம். மூடுற பேச்சை விட்டாச்சு. உங்களுக்குக் கீழ முன்வாசலுக்கு எதிர்க்கவே பெரிய கடை தரச் சொல்லியிருக்காங்க. அஞ்சு வருஷ ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும்." சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

அரை இஞ்ச் முட்டையைப் பாதி கடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் கல்யாண வீட்டு விளக்காக இருந்தது.

"கேட்டியா? முன்வாசலுக்கு எதிர்க்க."

"கேட்டேன். முழுங்கிட்டுப் பேசுங்க."

"உனக்கு வெளிச்சம்தானே வேணும்? வாசல் வெளிச்சம் நேரா அடிக்கும்."

"அஞ்சு வருஷம் அந்த வெளிச்சத்துல யாருக்குத் தைக்கிறது? உங்களுக்கா?"

"ஆள் ஏறுதுன்னு மேலிடமே சொல்லுது. அவங்க என்ன படிக்காதவங்களா?"

"என்னங்க, அவங்க எண்ணினது உங்க காலை. உங்க ரெண்டு காலை வச்சு அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. அப்புறம் நடுவுல விட்டுட்டுப் போகவும் முடியாது."

"நாங்க நடக்கலைன்னாலும் அம்பது அறுபது பேர் தன்னால வருவாங்க. நீ மாடியிலேயே உக்காந்திருக்கே, உனக்குத் தெரியலை. நான் வாசல்ல பாக்குறேன்."

"நீங்க வாசல்ல பாக்குறது கண்ணாடிக் கதவுல உங்களையே."

"சொல்லுங்க ஆல்ட்ரேஷன் அக்கா, இன்னும் சொல்லுங்க."

அக்காவுக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. பாத்திரத்தை மூடி வைத்தாள்.

"சரி. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நாளைக்கு ஒருநாள் யாரும் நடக்க வேண்டாம், கடை திறக்க வர்றப்பவும் பின்கதவு வழியாவே வரட்டும். காலையிலிருந்து மதியம்வரைக்கும் அந்தக் கண்ணு தானா எண்ணட்டும். அம்பது பேர் வந்துட்டா நான் வாயே திறக்கலை, நீங்க காட்டுற எடத்துல கையெழுத்துப் போடறேன். மருந்துக்கடைக்காரர்கிட்டயும் வேண்டாம்னு சொல்லிடறேன்."

"வராட்டி?"

"வராட்டி நீங்களே சொல்லுங்க."

"வரும்" என்றார் அவர். ஆனால் மீதி முட்டையைச் சாப்பிடவில்லை.

அக்கா சாயங்காலமே ஒவ்வொரு கடையாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் யோசனையில்லாமல் சரி என்றார்கள். ஜூஸ் அம்மா மட்டும், "என் முட்டிக்கு நீ செஞ்ச புண்ணியம்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் கையால் தைக்கிற வேலைகளை எடுத்துக்கொண்டு இருவரும் கீழே வந்து, வற்றிப்போன நீரூற்றின் திண்டில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து வாசலும் தெரியும், காவல்காரரின் திரையும் தெரியும். அரை இஞ்ச் தலைவாரி, நல்ல சட்டை போட்டிருந்தார். அவர் சட்டையேதான்.

முதலில் ஒரு இளைஞன் வேகமாக வந்தான். அரை இஞ்ச் முழங்கையால் அக்காவை இடித்தார். இளைஞன் கழிப்பறை எங்கே என்று கேட்டு ஓடினான். அடுத்து ஒரு பெண் அட்டைப் பார்சலோடு வந்தாள்.

"அட, இங்கயே உக்காந்திருக்கீங்களா? நல்லதாப் போச்சு, மாடி ஏற வேணாம். இந்த கவுன் இடுப்புல பை மாதிரி நிக்குது அக்கா."

அக்கா குண்டூசி குத்திக் கொடுத்தாள். பிறகு ஒரு பெரியவர், இன்னும் சினிமா ஓடுகிறது என்று நினைத்து வந்தவர், விஷயம் தெரிந்து கொஞ்ச நேரம் ஓய்வெடுத்துவிட்டுப் போனார். இடையில் மேனேஜர் தம்பி இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்து மாடி ஏறினான். இன்னொருவர் வந்தார். "இவர் பொம்மைக் கடைக்கு" என்றார் அரை இஞ்ச் மெதுவாக. வந்தவர் பைக்குள் கைவிட்டு ஒரு பேண்ட்டை எடுத்தார். அதற்கடுத்து அண்ணனும் தங்கையுமாக இரண்டு பேர், ஆளுக்கொரு பார்சல். அரை இஞ்ச் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரையும் அவர் வாசலிலேயே கைகளைத்தான் பார்த்தார். பார்சல் இருந்தது. மறுபடி பார்சல்.

பன்னிரண்டு மணிக்குத் திரையில் பதினொன்று என்று நின்றது. ஏசி இருமிவிட்டு அடங்கியது. எஸ்கலேட்டர் நடுவழியில் நின்றுபோனது. இத்தனை வருஷமாக அந்த இரைச்சலுக்குள்ளேயே பேசிப் பழகிய இருவருக்கும் அப்போதுதான் வெளியே பஸ் போகிற சத்தம் கேட்டது. தான் ஜெயித்துவிட்டது அக்காவுக்குத் தெரிந்தது. கொஞ்சம்கூடச் சந்தோஷமாக இல்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்பது பேர் வந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்துவிட்டாள்.

மேனேஜர் தம்பி படி இறங்கி ஓடி வந்தான்.

"என்னாச்சு, இன்னிக்கு எல்லாரும் எங்க போயிட்டாங்க?"

"எல்லாரும்னா யாரு தம்பி?" என்றாள் அக்கா.

"நீங்கதான். ஏன் யாரும் நடக்கலை?"

காவல்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அரை இஞ்ச் மெதுவாகக் கேட்டார். "உனக்குத் தெரியுமா?"

"என்னண்ணே நீங்க. நான் எதுக்கு ஒரு நாளைக்கு எட்டு தடவை டீ குடிக்கப் போறேன்னு நினைச்சீங்க? இந்தப் பதினொண்ணுல ரெண்டு நான்." அவன் திண்டில் உட்கார்ந்துவிட்டான். "எனக்கு வேற எடத்துல வேலை கிடைச்சு ஒரு மாசமாச்சு. நீங்கல்லாம் இப்படி வேர்த்து விறுவிறுத்து நடக்கும்போது எப்படிப் போறேன்னு சொல்றது? மேலிடம் ஒப்பந்தம் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். போட்டுடாதீங்கன்னு வாய்வரைக்கும் வந்துச்சு."

பக்கத்தில் நின்ற ஜூஸ் அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "என் கூடப்பொறந்த அக்கா, வீட்டோட வந்து இருன்னு வருஷக்கணக்கா கூப்பிடறா. நான் போயிட்டா நடக்க ஆள் குறையும்னு உக்காந்திருக்கேன்." காவல்காரர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்காக ஒருவர் இத்தனை நாள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். அந்த மாலில் அத்தனை பேர் சேர்ந்து சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது.

அரை இஞ்ச் மட்டும் சிரிக்காமல் விரல் மடக்கிக்கொண்டிருந்தார். "தம்பி ரெண்டு. கழிப்பறை ஒண்ணு. சினிமா ஒண்ணு." நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். "மீதி ஏழு பேரும் நம்மகிட்ட வந்தவங்க."

"ஆமா."

"மாலுக்கு வரலை."

"இல்லை. நமக்காக மாலுக்குள்ள வந்திருக்காங்க."

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு டீச்சர் வந்தாள். பழைய வாடிக்கை. கையில் பார்சல் இருந்தது. நின்றுபோன எஸ்கலேட்டரையும் வேர்த்துக்கொண்டிருந்தவர்களையும் பார்த்தாள்.

"அடுத்த வாரம் இன்னும் மூணு சட்டை கொண்டு வரலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் இங்க இருப்பீங்களா?"

பதில் சொல்ல வேண்டியவர் அவர் என்று அக்கா குனிந்து நூலைக் கோத்தாள்.

"இங்க வராதீங்க டீச்சர்" என்றார் அரை இஞ்ச். "கடைத்தெருவுக்கு வந்துடுங்க. பஸ்ஸை விட்டு இறங்கி நேரா நடந்தா மருந்துக்கடை. அதுக்கு அடுத்த கதவுதான். வாசல்ல மூணு படி இருக்கும். மேல் படி ஒரு ஓரமா உடைஞ்சிருக்கு, பாத்துக் கால் வைங்க. நான் பூசி விட்டுடறேன்."

அக்கா நிமிர்ந்தாள். ஜன்னலைப் பற்றி அவள் சொல்லியிருந்தாள். படியைப் பற்றிச் சொல்லவில்லை. அது உடைந்திருப்பதை அவளே கவனித்ததில்லை.

"நீங்க எப்ப அங்க போனீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமை கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சே."

"அதனாலதான் போனேன். மருந்துக்கடைக்காரர் திறந்து விட்டாரு. மிஷின் போடற எடத்துல மழை விடறவரைக்கும் நின்னேன். ஒரு பொட்டுச் சாரல் உள்ள வரலை."

"பின்னே நேத்து ஏன் எங்கிட்ட அந்தச் சண்டை போட்டீங்க?"

அவர் டீச்சரின் தோளில் நாடாவை வைத்து அளவைப் பார்த்தபடியே சொன்னார். "சாரல் வராதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருச்சு. ஆள் வருவாங்கன்னு இன்னிக்குத்தானே தெரிஞ்சுது."